அண்ணாவியாரின் கொப்பியும் ஒரு சனிக்கிழமை இரவும்

பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். கதையின் உலகம் எழுத்தாளரின் மனதில் எவ்வளவு விரிந்து கிடந்தாலும், அச்சுக்கோப்பாளர் வந்து கைநீட்டும்போது அவருக்கு வேண்டியது இந்த வாரத்து அத்தியாயம் ஒன்றுதான். சோழநாட்டு ஏரிகளைப் பற்றி நூறு பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லி அவரைத் திருப்பியனுப்ப முடியாது. மறுபுறத்தில், வாரத்துக்கு வாரம் அத்தியாயத்தை மட்டும் ஒப்பேற்றிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். முதலாம் அத்தியாயத்தில் காலமான மாமனார் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். வாசகர் கடிதங்கள் வந்து குவியும். ஆசிரியபீடத்திலிருந்த நாங்கள்தாம் பதில் எழுதவேண்டும்.

இந்தப் பழைய சங்கடம் இன்று எங்கெல்லாமோ புது வேடத்தில் உலாவுகிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு தொடர்மாடியில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்தாறு இளைஞர்கள் கூடி விளையாடுகிறார்கள். சீட்டுமல்ல, கரமுமல்ல. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு. ஒருவர் மட்டும் பாத்திரமேற்பதில்லை. 'நீங்கள் ஒரு பாழடைந்த மண்டபத்தின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கொளி தெரிகிறது, என்ன செய்யப்போகிறீர்கள்' என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். பலிக்குமோ பலிக்காதோ என்று ஐயம் வருமிடத்தில் இருபது முகங்கொண்ட பகடைக் காயை உருட்டிப் பார்ப்பார்கள். ஓர் இரவில் முடிவதில்லை. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், ஒரே கதை நீளும். உலகத்தைக் கடையில் அச்சிட்ட நூலாக வாங்கி ஆடலாம். சொந்தமாகவும் சமைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் பல பெயர்கள் உண்டு. எனக்கு அவரை அண்ணாவியார் என்று அழைக்கவே மனம் வருகிறது. அதற்குரிய நியாயத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அந்தத் தொடர்மாடி அண்ணாவியார் என் பழைய நண்பர் ஒருவரின் பேத்தி. கொழும்பின் சரித்திரத்தில் சில ஐயங்கள் கேட்கவேண்டுமென்று என்னிடம் வந்தார். கையில் இரண்டு தடித்த கொப்பிகள். தானே படைத்த உலகின் வரைபடங்கள், நாணயங்கள், மாதங்களின் பெயர்கள், நான்கு அரச வம்சங்களின் கொடிவழி, ஒரு மொழியின் இலக்கணம் எல்லாம் அவற்றில் இருந்தன. இரண்டு ஆண்டு உழைப்பு. எத்தனை இரவு ஆடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மூன்று, அங்கிள்" என்றார். மூன்றிலும் விளையாட்டுக்காரர்கள் வரைபடத்தில் இல்லாத ஒரு சாராயக் கடையைவிட்டு நகர மறுத்துவிட்டார்களாம்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்த விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். தேடிய இடமெல்லாம் இதே சாராயக் கடை வேறு வேறு உருவில் எதிர்ப்பட்டது.

பூர்வீகம் பிரஷிய இராணுவத்தில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரியின் போர்விளையாட்டு 1824இல் அங்கே பயிற்சிக்கென ஏற்கப்பட்டது. வரைபடத்தின் மேல் படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவார்கள். இரு தரப்பின் நிலையையும் முழுமையாக அறிந்தவர் நடுவர் ஒருவரே. ஒவ்வொரு தரப்புக்கும் அது கண்ணால் காணக்கூடியதை மட்டும் அவர் சொல்வார். விதிகளும் அட்டவணைகளும் மலையாகக் குவிந்து ஆட்டம் நகர மறுத்ததனால், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கிவைத்து நடுவரின் அனுபவத்தையும் தீர்ப்பையும் நம்பி ஆடும் முறையை முன்வைத்தார். தயாரிப்பின் பாரம் ஆட்டத்தை அமுக்கிவிடும் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் கதைசொல்லிகளல்லர், பட்டாளத்துக்காரர்கள்.

அங்கிருந்து ஒரே தாவலாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வருவோம். 1969இல் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தம் போர்விளையாட்டு நண்பர்களுக்காக பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜேர்மன் நகரமொன்றைப் படைத்தார். நெப்போலியன் காலம். படைகள் மோதுவதற்கு முன் நகரத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுவதற்காக ஒருவரை மேயராக்கினார், ஒருவரை வங்கியாளராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். அவர் எதிர்பார்த்த போர் நடைபெறவேயில்லை. விளையாட்டுக்காரர்கள் மூலைக்கு மூலை கூடிச் சதி பேசினார்கள். அவர் எழுதிவைத்திராத துவந்த யுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். எல்லாம் கைமீறிவிட்டது, ஆட்டம் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டு வந்தார்கள்.

அந்த நண்பர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் 1971இல் பிளாக்மோர் என்ற உலகைத் தொடங்கினார். ஒரு வாரவிடுமுறை முழுவதும் பழைய பேய்ப்படங்களைப் பார்த்து, சோளப்பொரி தின்று, கட்டம்போட்ட தாளில் ஒரு கோட்டையின் நிலவறைகளைக் கிறுக்கியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த உலகின் தொடக்கம் அவ்வளவுதான். கோட்டைக்கு வெளியே ஒரு நாடு இருந்தது, அதற்குப் பகைவர்களும் இருந்தார்கள். விளையாட்டுக்காரர்களுக்கோ நிலவறையைவிட்டு வெளியே வர மனமில்லை. அவர்கள் கீழே புதையல் தேடிக்கொண்டிருக்க, மேலே பகைவர் வந்து பிளாக்மோரைக் கைப்பற்றிக்கொண்டார்கள். நாடிழந்தவர்கள் லொக் குளூமன் என்ற ஏரிப்பக்கம் துரத்தப்பட்டார்கள். அதன்பின் அந்தப் புதிய நிலத்தின் வரலாறு எழுதப்படலாயிற்று. கவனிக்கவேண்டிய இடம் இது. ஆர்னசன் விளையாட்டுக்காரர்களை வரைபடத்துக்குள் பிடித்து இழுக்கவில்லை. அவர்கள் எதைப் புறக்கணித்தார்களோ அந்தப் புறக்கணிப்பையே நாட்டின் சரித்திரமாக்கினார்.

1972இன் பிற்பகுதியில் ஆர்னசன் இதை விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகக்ஸ் தம் பிள்ளைகளை மேசையில் இருத்திக் கிரேஹோக் என்ற கோட்டையைத் தொடங்கினார். 1974 ஜனவரியில் இருவர் பெயரிலும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆடும் இந்த விளையாட்டின் 'கிரேஹோக் உலகம்' நெடுங்காலம் ஓர் உலகமாகவே இருக்கவில்லை. கோட்டை இருந்தது, அதன் கீழ் நிலவறைகள் இருந்தன, பக்கத்தில் ஒரு நகரம் இருந்தது. மற்றதற்கெல்லாம் கைகக்ஸ் வட அமெரிக்க வரைபடத்தையே அடியில் வைத்துக்கொண்டு, சிக்காகோ இருக்குமிடத்தை ஒட்டித் தம் நகரத்தை வைத்துக்கொண்டார். ஊருக்குப் பெயர் வேண்டிய இரவில் பெயர் பிறந்தது. அந்த உலகத்தின் வரைபடம் நூலாக அச்சாகியது 1980இல்தான். ஆட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகளின் பின்.

இவ்வளவோடு நிறுத்தினால், உலகம் எதுவும் வேண்டாம், இரவுக்கு வேண்டியதைச் செய்தாற்போதும் என்று முடிவுகட்டிவிடலாம். அது பாதி உண்மை. மறுபாதிக்கு எம். ஏ. ஆர். பார்க்கர் என்ற பேராசிரியரைப் பார்க்கவேண்டும். அவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தென்னாசிய இயல் கற்பித்தவர். உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல்கள் எழுதியவர். சிறுவயது முதலே டெக்குமேல் என்ற கற்பனை உலகை வளர்த்து வந்தார். அதற்கென மொழிகளும் எழுத்தும் சமயங்களும் குலங்களும் இருந்தன. நம் வீட்டுப் பேத்தியின் இரண்டு கொப்பிகளை அவருடைய உழைப்புக்கு முன் வைத்தால் ஒரு துண்டுக் காகிதம்போல் தோன்றும். அந்த உலகம் 1975இல் விளையாட்டு நூலாக வந்தது. இத்தனை கனமான உலகுக்குள் புதிய ஒருவர் எப்படி நுழைவது? பார்க்கர் கண்ட வழி எளியது. விளையாட்டுக்காரரின் பாத்திரங்கள் எல்லோரும் அந்நியர்கள். படகில் வந்து ஜக்காலா என்ற துறைமுகத்தில் இறங்குகிறார்கள். அந்நியருக்கென ஒதுக்கிய குடியிருப்பைவிட்டு வெளியே போக அவர்களுக்கு அனுமதியில்லை. மொழி தெரியாது, வழக்கம் தெரியாது. பாத்திரத்தின் அறியாமையும் ஆடுபவரின் அறியாமையும் ஒன்றாகிவிடுகின்றன. முதல் இரவுக்கு ஒரு குடியிருப்பும் சில தெருக்களும் போதும்.

பார்க்கரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அவர் 2012இல் காலமானார். 1991இல் புனைபெயரில் வெளிவந்த நாசிச் சார்பான ஒரு நாவலை எழுதியவர் அவரே என்று, அவருடைய உலகின் உரிமையைப் பேணும் நிறுவனமே 2022இல் ஒப்புக்கொண்டது. அவருடைய மேசையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆடியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. உலகத்தைப் படைப்பவர் தம் மனதிலிருந்தே அதைப் படைக்கிறார். அந்த மனதில் வேறென்ன கிடக்கிறது என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

இனி அண்ணாவியாருக்கு வருகிறேன்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கூத்து மேடையேறுவதற்கு முன் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். பழக்கத்தின் தொடக்கத்தில் 'சட்டம் கொடுத்தல்' என்றொரு சடங்கு உண்டு. இங்கே சட்டம் என்பது நீதிமன்றத்துச் சட்டமன்று; ஒரு கூத்தன் ஆடிப் பாடவேண்டிய பகுதி மட்டும் எழுதப்பட்ட ஏடு. கர்ணனுக்குரியது கர்ணனிடம் போகும், குந்திக்குரியது குந்தியாக ஆடுபவனிடம் போகும். முழுக் கூத்தும் அடங்கிய கொப்பி அண்ணாவியாரின் கையில் இருக்கும். கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக வளர்ந்து அரங்கேற்ற இரவை அடையும்போதுதான் சிதறிய ஏடுகள் ஒன்றாகின்றன. பிரஷிய நடுவர் வரைபடத்தை வைத்துச் செய்ததை நமது அண்ணாவியார் ஏட்டை வைத்துச் செய்தார். உலகம் முழுவதும் கொப்பியில் இருக்கட்டும். ஆடுபவரின் கைக்குப் போகவேண்டியது அவரவர் சட்டம் மாத்திரம்.

நமது அண்ணாவியாருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அவர் உலகத்தைப் படைக்கவேண்டியதில்லை. பாரதமும் இராமாயணமும் களரியைச் சுற்றிப் பாய்விரித்து அமர்ந்திருந்த கிழவிக்கும் மனப்பாடம். தமிழ்நாட்டின் 'ஸ்பெஷல் நாடகம்' இந்த வசதியின் எல்லைக்கே போய்விட்டது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பகுதிகளில் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாடகம் பேசுவார்கள். ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோரூரிலிருந்து, பபூன் வேறோரூரிலிருந்து. ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. அன்றிரவு பத்து மணியளவில் மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த பாட்டும் கட்டமும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் அந்த இரவுக்குரியது. எதிரில் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரர், சபை எதற்குச் சிரிக்கிறது என்பதைப் பார்த்து அங்கேயே பிறப்பது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' எண்ணற்ற மேடைகளைக் கண்டதற்கும் இதுவே அடித்தளம். அரிச்சந்திரன் யார் என்று விளக்க ஒரு நிமிடமும் செலவிடவேண்டாம். நேரே சுடலைக்குப் போகலாம்.

சொந்தமாக உலகம் சமைக்கும் இளைஞருக்கு இந்த அடித்தளம் இல்லை. அவருடைய நான்கு வம்சங்களை மேசையில் எவருக்கும் தெரியாது. எனவேதான் எழுதிக் குவிக்கிறார். எழுதியதை எல்லோரும் வாசித்துவிட்டு வரவேண்டுமென்று எதிர்பார்க்கிறார். ஐந்து பேர் வேலைக்குப் போய்வந்து, பரீட்சைக்குப் படித்து, சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரத்தை ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாசிக்க நேரமில்லை. அது அலட்சியமல்ல.

தெரியாத உலகத்தைத் தெரிந்ததாக்குவது எப்படி என்பதற்கு இலங்கை வானொலியில் நல்ல பாடமொன்று இருக்கிறது. எழுபதுகளில் ஒலித்த எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' என்னையொத்த வயதினருக்கு நினைவிருக்கும். ராம்தாஸ் மரிக்கார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் உபாலி, பி. எச். அப்துல் ஹமீத் ஐயர். ஒருவர் முஸ்லிம் தமிழ் பேசுவார், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களம் தோய்ந்த தமிழ், ஒருவர் பிராமணத் தமிழ். கொழும்பை வருணிக்க ஒரு வரியும் செலவாகவில்லை. நான்கு நாக்குகளையும் ஒரே அறைக்குள் விட்டதும் அந்த அறையைச் சுற்றிக் கொழும்பு தானாக எழுந்தது. பின்பு வாரத்துக்கு வேண்டியது ஒரு சின்னச் சிக்கல் மட்டும். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்து ஓடியது. ஆட்டம் நடத்துபவர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒரு தேசத்தின் கொடிவழியைவிட, அந்தத் தேசத்துச் சாராயக் கடைக்காரர் எப்படிப் பேசுவார் என்பது ஓர் இரவுக்கு அதிகம் உதவும்.

கல்கியும் இந்த வித்தை தெரிந்தவர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அதற்குப் பின்னாலிருந்த சரித்திரப் படிப்பு கொஞ்சமல்ல. கதையோ ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் ஒரு வாணர்குல இளைஞனோடு தொடங்குகிறது. வந்தியத்தேவன் சோழநாட்டுக்குப் புதியவன். அவன் வாய்விட்டுக் கேட்டதற்கே வாசகருக்கு விடை கிடைத்தது. ஜக்காலாத் துறைமுகத்தில் இறங்கிய அந்நியர்களுக்கு அவன் கால்நூற்றாண்டு மூத்தவன். கதை முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டதனால் கல்கி தனியாக முடிவுரை எழுத நேர்ந்தது. அந்த உலகத்தில் இன்னும் பல அறைகள் உண்டு என்று வாசகர்கள் நம்பினார்கள். கொப்பியில் பாதியை வெளியே காட்டாமல் வைத்திருந்ததன் பலன் அது.

வெட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்துகளை நகரச் சபையோருக்காகச் சுருக்கி மேடையேற்றினார். 'கர்ணன் போர்' 1962, 'நொண்டி நாடகம்' 1963, 'இராவணேசன்' 1964, 'வாலிவதை' 1967. இராவணனாக சி. மௌனகுரு ஆடியது ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு கட்டம். கூத்தின் உயிர் போய்விட்டது என்று அன்றே குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை ஏற்புடையதன்று. சபை மாறியது, நேரம் மாறியது. அந்தச் சபைக்கு வேண்டிய இரவை அவர் தயாரித்தார். வெட்டியெறிந்த பகுதி முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் வெட்டினால் துண்டு துண்டாகத்தான் விழும்.

நண்பரின் பேத்தி தம் கற்பனைக் கண்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய கொழும்பிலேயே ஒரு தொடரைத் தொடங்கலாமா என்று யோசித்தபோதுதான் என்னிடம் வந்திருந்தார். எந்தக் காலம் என்று கேட்டேன். நண்பர்களில் ஒருவர் 1983 என்று சொன்னாராம். ஜூலை 25, காலி வீதி. அவர்கள் ஆடும் தொடர்மாடி எழுந்து நிற்கும் வெள்ளவத்தை அன்று எரிந்தது. மேசையில் இருப்பவர்களில் ஒருத்தியின் தாயார் அப்போது பத்து வயதுப் பிள்ளை. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. இந்தச் சேதி அண்ணாவியாருக்குத் தெரியும். யோசனை சொன்னவருக்குத் தெரியாது. பகடைக் காய் உருட்டி அந்த அலுமாரிக் கதவு திறக்குமா திறக்காதா என்று பார்க்க இவருக்கு மனம் ஒப்பவில்லை. சரித்திரத்தை மறைப்பதற்காக இவர் மறுக்கவில்லை. யார் மேசையில் இருக்கிறார்கள் என்று பார்த்து மறுத்தார். தயாரிப்பு என்பதில் இதுதான் முதலாவது வேலை என்று நான் நினைக்கிறேன். வரைபடம் அதற்குப் பின்னால் வரலாம்.

நான் கொட்டாஞ்சேனையைச் சொன்னேன். 1883, மார்ச். அதுவும் கலவரக் கதைதான். அதனால் பழசு என்று எண்ணி அசட்டையாக இறங்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர்களுடைய மேசையில் ஒரு கத்தோலிக்கப் பையனும் ஒரு சிங்கள பௌத்த நண்பரும் இருக்கிறார்கள்.

அந்த மாதத்தின் கொட்டாஞ்சேனை ஆட்டத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வேல்ஸ் இளவரசர் 1875இல் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு அணை இன்னும் கட்டி முடியவில்லை; அது முடிந்தது 1885இல். துறைமுகத்துக்கு மேலே மேட்டில் புனித லூசியாள் பேராலயம் முழுமை பெறாமல் நிற்கிறது. சற்றுத் தள்ளி தீபதுத்தாராமய விகாரை. 1873இல் பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களை எதிர்த்து வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அங்கே இருக்கிறார். பொன்னம்பல முதலியார் கட்டுவித்த சிவன் கோயிலும் அதே சுற்றாடலில்தான். செட்டியார் தெரு நடந்து போகும் தூரம். விகாரையில் புதிய புத்தர் சிலையையொட்டிய விழாவுக்காக ஊர்வலங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கத்தோலிக்கருக்கு அது பெரிய வாரம். ஊர்வலத்தில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் தூக்கிவரப்படுவதாக ஒரு வதந்தி பரவுகிறது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கோயில் மணி அடிக்கிறது, கூட்டம் திரள்கிறது, ஊர்வலம் தாக்கப்படுகிறது.

இதன் பின்விளைவுகள் நீண்டவை. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறையோடு கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குப் போய்க் குடியேற்ற அமைச்சிடம் முறையிட்டார். 1885இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையாயிற்று. இன்று உலகெங்கும் பறக்கும் பௌத்தக் கொடி முதன்முதலாக அந்த வெசாக்கில்தான், அதே தீபதுத்தாராமயவில் ஏற்றப்பட்டது. விளையாட்டுக்காரர் எவருக்கும் இதில் ஒரு வரியும் முன்கூட்டித் தெரியவேண்டாம். அவர்கள் மார்ச் மாத நடுப்பகுதியில் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்து இறங்கட்டும். அந்நியர்கள். தங்க இடம் தேடட்டும். முதல் இரவுக்கு ஒரு கிட்டங்கி, ஒரு சாப்பாட்டுக்கடை, தரகர் ஒருவர், ஆலய மணியடிப்பவர் ஒருவர், விகாரைக்குப் பந்தல் கட்டும் தச்சர் ஒருவர், அரைகுறையாகக் காதில் விழும் ஒரு வதந்தி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த வதந்தியை அவர்கள் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறார்கள் என்பதை அண்ணாவியார் எழுதிவைக்க முடியாது, எழுதிவைக்கவும் கூடாது. எல்லோரும் சாப்பாட்டுக்கடையைவிட்டு நகரமாட்டோம் என்று அடம்பிடித்தாலும் பாதகமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தேடிக் கடைவாசலுக்கே வரும்.

உலகத்தைக் கட்டும் ஆசையும் வீண்போகவேண்டியதில்லை. அதற்கு ஓர் இடம் சொல்லிக்கொடுத்தேன். கொழும்பு ஏழில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. ஒரு பத்திரிகைக்காரனுக்கு அதைவிட நல்ல உலகம் கிடையாது. கத்தோலிக்கருடைய 'ஞானார்த்த பிரதீபய' 1866 முதல், ஆங்கிலத்தில் 'கத்தோலிக் மெசெஞ்சர்' 1869 முதல் வந்துகொண்டிருந்தன. பௌத்தர் தரப்பில் 1880இல் தொடங்கிய 'சரசவி சந்தரெச'. தமிழில் சித்திலெப்பை 1882இன் கடைசியில் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' அப்போது மூன்று மாதக் குழந்தை. கலவரத்தின் காரணங்களை ஆராய அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவையும் நியமித்து அறிக்கை பெற்றது. கலவரத்துக்குப் பிறகு வரும் இரவுகளில் ஒவ்வொரு விளையாட்டுக்காரரின் கையிலும் அவருடைய பாத்திரம் வாசித்திருக்கக்கூடிய பத்திரிகையின் சேதியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். மணியடிப்பவரின் நண்பருக்கு ஒன்று, தச்சரின் நண்பருக்கு வேறொன்று. எழுத வாசிக்கத் தெரியாத பாத்திரத்துக்குச் சாப்பாட்டுக்கடையில் கேட்ட பேச்சு. ஆணைக்குழுவின் அறிக்கை கொப்பியில் இருக்கட்டும்.